மாமிக்கு முன்னால் போட்டு வந்த கதை

பத்திரிகை மேசையில் நான் பார்த்த வேலை, மற்றவர்கள் எழுதுவதில் உள்ள அலங்காரங்களை வெட்டுவது. "மாபெரும்" என்று வந்தால் முதலில் "மா" போகும். சில வேளை "பெரும்" என்பதும் போகும். ஆனால் நான் வீட்டில் பேசுவதை வெட்ட ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் விமான நிலையம் திறந்த செய்தி வந்ததும், நேரில் பார்க்காமலே, மாமி (மனைவியின் அம்மா) வீட்டு விறாந்தையில் இருந்தபடி அதைக் கட்டி முடித்துவிட்டேன். கண்ணாடிச் சுவர்கள், மாடிகள், ஓடும் படிகள். கோப்பிக் கடை எந்த மூலையில் என்பதைக்கூட நானே தீர்மானித்தேன்.

பிறகு அக்காவின் மகனுக்குச் சென்னையில் கலியாணம் வந்தது. மனைவி உதவிக்கென்று முன்கூட்டியே கொழும்பு வழியாகப் போய்விட்டாள். ஊரில் செய்வித்த தாலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. என் பயணத்துக்கு மறுநாள் காலை முகூர்த்தம்.

மானிப்பாயிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். என்னை வழியனுப்ப அல்ல (பஸ்ஸுக்குக்கூட என்னை அவர்கள் வழியனுப்பியதில்லை). ஓடும் படியைப் பார்க்க. மாமி பட்டுச்சேலை கட்டியிருந்தார்.

வான் நின்றது. எதிரே மாடி இல்லாத, துப்புரவான, சின்னக் கட்டடம். எல்லோரும் அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். பின்னால் வானம் இருந்தது.

"தம்பி, உதோ?" என்றார் மாமி.

"அது" அல்ல, "இது" அல்ல, "உது". எங்கள் பேச்சில் அந்த "உ", கேட்பவரின் பக்கத்தில் உள்ள பொருளைச் சுட்டும். ஒரே எழுத்தில் மாமி முழுக் கட்டடத்தையும் என் பெயருக்கு எழுதிவிட்டார்.

"அத்தான், ஓடுற படி எங்கை?" என்றான் மனைவியின் தம்பி குமார்.

"அது ஓடிப்போட்டுதாக்கும்," என்றது பின் இருக்கை.

"உதிலும் பாக்க எங்கடை கோயில் மடம் பெரிசு," என்றார் மாமி.

கட்டடத்தில் ஒரு பிழையும் இல்லை. செய்தியைப் படிக்காமல் தலைப்புப் போட்டவன் நான். ஆனால் அதை ஒப்புக்கொள்வதைவிடக் கோபப்படுவது வசதியாக இருந்தது. "சரி, நான் போறன்!" என்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளேயும் எனக்கு ஏமாற்றம்தான். ஒரு மண்டபம், உட்கார வரிசையாகக் கதிரைகள். என் கோப்பிக் கடை இருக்கவேண்டிய மூலையில் ஒரு தீயணைப்புக் கருவி தொங்கியது. பதிவு முடித்து இருந்தபோது குமாரின் அழைப்பு வந்தது.

"அத்தான், அம்மா வானுக்குள்ளை ஏறமாட்டன் எண்டு நிக்கிறா. நீங்கள் 'போறன்' எண்டிட்டியளாம்."

கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் ஊரில் புறப்படுகிற எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. அது திரும்பி வராதவர்களின் சொல். "போட்டு வாறன்" என்பதே முறை. அதாவது, போய்விட்டு வருகிறேன்.

மாமி கைபேசியைப் பறித்தார். "கையிலை தாலியை வைச்சுக்கொண்டு உந்தச் சொல்லைச் சொல்லலாமோ? வந்து முறையாச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ."

"இப்பவே சொல்லுறன் மாமி. போட்டு..."

"போனிலை சரிவராது! முகத்தைப் பாத்துச் சொல்லோணும்."

விமானம் ஏற அழைக்கும் நேரம். போனால் விமானம் போகலாம்; போகாவிட்டால் தாலிக்கு அபசகுனம் என்ற பேச்சு ஆயுளுக்கும் நிற்கும். கதவருகே நின்ற விமான நிறுவனப் பெண்ணிடம் ஓடினேன். தமிழ்நாட்டுப் பிள்ளை.

"தங்கச்சி, அவசரம். வெளிக்கிடேக்கை பிழை விட்டிட்டன். வெளியிலை ஒருக்காப் போட்டு வாறன்."

அந்தப் பெண் பின்வாங்கினாள். பார்வை என் காற்சட்டைக்குப் போய்ச் சட்டென்று மீண்டது. "சார்... வெளியிலயா? பாத்ரூம் உள்ளயே இருக்கு சார்."

(புறப்படுவதை நாங்கள் "வெளிக்கிடுறது" என்போம். அவளுடைய ஊரில் "வெளிக்கு" என்று தொடங்கினாலே விஷயம் வேறு.)

"உள்ளை சரிவராது தங்கச்சி. மாமிக்கு முன்னாலைதான் போடோணும். அவ பாத்துக்கொண்டு நிக்கிறா."

அவள் மேலதிகாரியைத் தேடினாள். எனக்குப் பின்னால் நின்ற அச்சுவேலி வியாபாரி ஒருவர், சிரிப்பில் கதிரையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, அண்ணை 'போய்ட்டு வர்றேன்' எண்டு சொல்லப்போறார். வேறை ஒண்டும் போடமாட்டார்," என்றார்.

சிரித்து முடித்ததும் அவள், வெளியே விட அனுமதியில்லை என்றாள். ஆனால் வாசல் கண்ணாடியடியில் நிற்கலாம். நின்றேன். சில அடி தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால், பட்டுச்சேலையில் மாமி.

"மாமி! போட்டு வாறன்!" என்று கத்தினேன்.

"ஓம் தம்பி, போட்டு வாங்கோ!" என்றார் மாமி, முகம் மலர்ந்து. இது நான் விறாந்தையில் கட்டிய விமான நிலையமாக இருந்திருந்தால் மாமியைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டியிருக்கும்.

விமானத்தில் ஏறும்போது அந்தப் பெண் சீட்டை வாங்கிக்கொண்டு, "போட்டாச்சா சார்?" என்றாள்.

தாலி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அச்சுவேலி வியாபாரியும் அதே கலியாணத்துக்கு அழைக்கப்பட்டவர். மணவறையில் புகை அடங்குமுன் கதை பந்தி முழுக்கப் பரவி, போனில் மானிப்பாய்க்கும் போய்விட்டது. சென்னைக்காரியான மணமகள் முதலில் கற்ற யாழ்ப்பாணத் தமிழ் "போட்டு வாறன்"தான்.

இப்போது நான் எந்த உறவினர் வீட்டிலிருந்தும் வாய் திறந்து விடைபெறுவதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்குகிறேன். பயனில்லை. வாசல் படலையைத் தாண்டுமுன் யாராவது கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் மாமிதான்:

"தம்பி, உள்ளையோ, வெளியிலையோ?"