கொம்பியூட்டர் கண்ணாடியும் நாலு சம்மனசுகளும்

ரெஜினா, அமலன், இது உங்கள் இரண்டு பேருக்கும். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் இந்தக் கதையை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். (போன வருடம் அமலன் சொன்னபடி நான் மேடையில் ஏறி, மாட்டுத் தொழுவத்துக்கு மேல் விழுந்தேனாம். நான் மேடைக்குக் கிட்டவே போகவில்லை.) ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா, அப்போது உனக்குப் பதினொரு வயது. கோவில் ஒளிவிழாவில் யேசு பிறக்கிற நாடகம், அதில் நீ ஒரு சம்மனசு, செட்டை கட்டிய தேவதூதர். உனக்கு ஒரே ஒரு வசனம்: "ஆயர்களே, எழுந்து வாருங்கள்! விடிவெள்ளி வந்துவிட்டது!" பிரெஞ்சில் மணிக்கணக்காகக் கதைக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வரித் தமிழ் நாக்கில் நிற்கவில்லை. இரண்டு வாரம் சமையலறையில் வைத்துச் சொல்லித் தந்தேன். கடைசியில் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய்.

"அப்பா, நான் மறந்தா உங்களப் பார்ப்பன். நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ. சத்தம் வேண்டாம்."

முன்வரிசை வயதானவர்களுக்கு என்றபடியால் பின்சுவரில், கோப்பி மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று இடமும் சொல்லிவிட்டேன். ஆனால் என் பழைய கண்ணாடியால் அங்கிருந்து பார்த்தால் மேடையில் நிற்பது பிள்ளையா தூணா என்று தெரியாது. அதற்காகத்தான் புதுக் கண்ணாடி. வேறு எதற்காகவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அந்தக் கிழமையே கண் சோதிக்க இடம் கிடைத்த கண்ணாடிக் கடை ஆற்றுக்கு அப்பால், லவாலில் இருந்தது. மெட்ரோவில் போனோம். எனக்குப் பிரெஞ்சு 'பொன்ஜூர்' இல் தொடங்கி 'மெர்சி' இல் முடிந்துவிடும். நடுவில் உள்ளதெல்லாம் நீதான், ரெஜினா. கண்ணைச் சோதித்த டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்தார். அதைக் கொண்டுபோய்க் கடைக்காரப் பெண்ணுக்கு முன்னால் இருந்தோம். அவர் மூன்று விதமான வில்லைகளை மேசையில் வைத்து விளக்கினார். ஒன்று தூரத்துக்கு மட்டும். இன்னொன்றில் மேலே தூரம், கீழே எழுத்து, எல்லாம் ஒன்றில். மூன்றாவது நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர்களுக்கு. மேசையைச் சுற்றி எல்லாம் துலக்கமாக இருக்கும், அதற்கு அப்பால் இல்லை.

"அப்பா, நீங்கள் என்ன வேலை எண்டு கேக்கிறா. அதுக்கேத்த மாதிரித்தான் கண்ணாடியாம்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதிரையில் பிலிப் அண்ணை. நம்முடைய கோவில் பிலிப் அண்ணைதான். மூன்று பிள்ளைகளும் எஞ்சினியர்கள். தலையைச் சரித்து, ஒரு தங்கநிறச் சட்டத்தைப் போட்டு முகக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம். (அப்படித்தான் எனக்குப் பட்டது.)

நான் டயர் களஞ்சியத்தில் வேலை செய்தேன். மேல்தட்டில் இருக்கிற டயரின் நம்பரைக் கீழே நின்று வாசித்து, இறக்கி, உருட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அதில் என்ன வெட்கம் என்று இப்போது கேட்கலாம். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

"கொம்பியூட்டர் எண்டு சொல்லு" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "உண்மையாவோ?"

"சொல்லு பிள்ளை."

சொன்னாய். எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார், எட்டு என்றேன். திரை எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். கையை நீட்டி, யோசித்து, கொஞ்சம் மடக்கிக் காட்டினேன். (நம் வீட்டில் இருந்த ஒரே கொம்பியூட்டர் உன் பள்ளிக்கூடத்தது. அதை நிறுத்தத் தெரியாமல் ஒருமுறை துவாயால் மூடி வைத்தவன் நான்.)

"அப்பா, இதில தூரம் தெரியாதாம். ரெண்டு தரம் சொல்லுறா. அப்ப மேடை..."

"கண்ணாடி எண்டா தெரியும். கையெழுத்து எங்க வைக்கிறது எண்டு கேள்."

கண்ணாடியை எடுக்கப் போன நாளும் பிலிப் அண்ணை அங்கே நின்றார். வாசலில் பழைய கண்ணாடிகளைத் தானமாகப் போடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அவர் பார்க்கிறார் என்றபடியால், இருந்த ஒரே பழைய கண்ணாடியையும் பெரிய வள்ளலைப்போல அதற்குள் போட்டேன்.

புதுக் கண்ணாடியால் என் கைரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. எதிரே வந்த பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. கண் பழக நாலு நாள் எடுக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். களஞ்சியத்தில் சின்னக் காருக்குப் பாரவண்டி டயரை உருட்டிக்கொண்டு போனேன். அப்போதும் கண் பழகவில்லை என்றுதான் சொன்னேன்.

ஒளிவிழா வந்தது. மேடையில் நாலு வெள்ளைப் புகைமூட்டம். நாலுக்கும் வெள்ளித்தாள் செட்டை. இடமிருந்து இரண்டாவது உயரமாக இருந்தது. அதுதான் என் பிள்ளை என்று முடிவெடுத்துக் கையை ஆட்டினேன். அதுவும் ஆட்டியது. சந்தோஷமாக இருந்தது.

ஆயர்கள் படுத்தார்கள். (அமலன், நீ மூன்றாவது ஆயன். உண்மையாகவே நித்திரை.) பிறகு அமைதி. யாரோ இருமினார்கள். அமைதி நீண்டது. பிள்ளை மறந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. இரண்டாவது சம்மனசைப் பார்த்து, வாயை ஆவென்று திறந்து, கைகளையும் தூக்கி, ஒவ்வொரு சொல்லாக அசைத்தேன்.

அந்தச் சம்மனசு என் வாயைப் பார்த்து, கணீரென்று சொன்னது: "ஆயர்களே, எழுந்து வாருங்கள்! விடிவெள்ளி வந்துவிட்டது!"

அது பிலிப் அண்ணையின் பேத்தி. நட்சத்திரம் பிடிக்கிறதுதான் அதன் வேலை, வசனமே கிடையாது. ஆயர்கள் எழும்பினார்கள். அந்த நேரம் வலப்பக்கத்துக் கடைசியில் இருந்து, அழுகையோடு, உன் குரல் அதே வசனத்தைச் சொன்னது. ஆயர்கள் குழம்பிப்போய்த் திரும்பப் படுத்து, திரும்ப எழும்பினார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சுவாமியார் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தது மட்டும் அந்தக் கண்ணாடியிலும் தெரிந்தது.

முடிந்ததும் பிலிப் அண்ணை வந்தார். "தம்பி, என்ர பேத்திக்கும் ஒரு வசனம் எடுத்துக் குடுத்திட்டீர். மெத்தப் பெரிய உபகாரம்."

"அண்ணை, எனக்குக் கொம்பியூட்டர் வேலை இல்லை. டயர்க் களஞ்சியத்தில..."

"அது தெரியுமே. போன மாரிக்குப் பனி டயர் மாத்த வரேக்க உம்மை உள்ளுக்குக் கண்டனான். உருட்டிக்கொண்டு நிண்டீர், கூப்பிட்டாக் கூச்சப்படுவீர் எண்டு பேசாம இருந்திட்டன்."

நான் யாருக்காகப் பொய் சொன்னேனோ, அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

பனியில் நடந்து வீட்டுக்கு வந்தோம். கோட்டுக்கு மேலே செட்டையோடு நீ முன்னால் போனாய். ஜான் தலோன் தெருவைக் கடந்ததும் திரும்பினாய்.

"அப்பா, நான் உங்களப் பாத்துக்கொண்டே நிண்டனான். நீங்கள் என்னைப் பாக்கேல்ல."

உன்னை எட்டிப் பிடித்து, செட்டையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டேன்.

"நான் அந்தக் கண்ணாடிக்கடை மடமுக்குப் பொய் சொன்னனான் எல்லோ. அதுதான் யேசு என்னை மறக்க வைச்சிட்டார்."

நடைபாதையில் முழங்காலில் இருந்தேன். அந்தத் தூரத்தில் உன் முகம் நன்றாகத் தெரிந்தது. "வாய்தான் உன்ர. பொய் என்ர" என்றேன். நீ யோசித்துவிட்டு, "அப்ப யேசு உங்களையெல்லோ மறக்க வைச்சிருக்க வேணும்" என்றாய்.

இன்றைக்கும் வீட்டைப் பூட்டுகிற திறப்பைத் தேடி நான் அலைந்தால் "அப்பா கொம்பியூட்டர் கண்ணாடி போட்டிருக்கிறார்" என்கிறீர்கள். அமலனைப் பள்ளிக்கு எழுப்பினால், "இது முதலாம் தரமோ, ரெண்டாம் தரமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுக்கிறான். சிரியுங்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்குத் தெரியாத பாதி இதுதான். அடுத்த கிழமை லவாலுக்குத் தனியே போனேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று, இல்லாத டயரை இல்லாத தட்டிலிருந்து அண்ணாந்து பார்த்து இறக்கிக் காட்டினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, பொய் என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்று, எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் சொன்னேன். அவர் தலையாட்டி, இரண்டாவது வில்லையை, தூரமும் எழுத்தும் ஒன்றில் தெரிகிறதை, எடுத்து வைத்தார்.

அது வந்த பிறகு ஒரு ஞாயிறு பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போனேன். கோவிலுக்குக் கீழே மண்டபத்தில் யாரும் இல்லை. பின்சுவரில், கோப்பி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேடை துலக்கமாகத் தெரிந்தது. பலகையில் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் துண்டும் தெரிந்தது. வலப்பக்கத்துக் கடைசியை, நீ நின்ற இடத்தைப் பார்த்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, அந்த வசனத்தை வாயசைத்துச் சொன்னேன்.