ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர்

படித்த முட்டாளுக்கு ஒரு வசதி உண்டு. தன் தப்புக்கு நியாயம் கேட்டு அவன் யாரிடமும் போக வேண்டியதில்லை. நான் எம்.ஏ. பொருளாதாரம். என் தப்புக்கு நானே வக்கீல், நானே நீதிபதி.

இரண்டாயிரமாவது ஆண்டு தாண்டிய புதிது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்று, சந்தாபுராவில் வீடு கட்டிக் குடியேறியிருந்தேன். இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்தும் கன்னடம் வரவில்லையே என்ற வெட்கத்தில் (வெட்கம் மட்டும்தான், முயற்சி கிடையாது) இணையத்தில் ஒரு மின்னூல் வாங்கினேன். தமிழருக்குப் பேச்சுக் கன்னடம், முதல் பாகம். உள்ளே எல்லாம் தமிழ் எழுத்து. அட்டையில் ஆசிரியர் பெயர் மட்டும் கன்னட எழுத்தில். எழுதியவர் சாரதம்மா, ஆனேக்கல்லில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் டி.டி. அனுப்பினேன். அவர் மின்னஞ்சலில் கோப்பை அனுப்பினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கே. வைத்தியலிங்கம், சந்தாபுரா' என்று போட்டிருந்தார். யாருக்கு விற்ற பிரதி என்று தெரிவதற்கான ஏற்பாடு அது. நானோ மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பத்துப் பக்கத்தில் அலுத்துவிட்டது. கல்லூரி நாட்களில், படித்த புத்தகங்களை நடைபாதைக் கடையில் விற்றுப் பழகியவன் நான். அதே பழக்கத்தில், பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் விளம்பரம் போட்டேன்: "பாதி விலை. ஒருவர் மட்டுமே பயன்படுத்தியது. அடிக்கோடு, காபிக் கறை, மடிப்பு எதுவும் இல்லை."

மகள் மலர் பார்த்துவிட்டாள். "அப்பா, இதை விக்கலாமா?"

"காசு குடுத்து வாங்கினேன். என் சைக்கிளை நான் விக்கக் கூடாதா?"

"சைக்கிளை வித்தா வீட்ல இருக்காதுப்பா. இது வித்தப்புறமும் இருக்குமே."

"அதுதாம்மா இதுல விசேஷம்!"

(இந்தப் பதிலை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.) பக்கத்துக்குப் பக்கம் என் பெயர் இருப்பதும் உறுத்தவில்லை. பழைய புத்தகத்தில் முந்தைய சொந்தக்காரர் பெயர் இருப்பது சகஜம்தானே? ஒருவர் வாங்கினார். கோப்பு அப்படியே கம்ப்யூட்டரில் இருந்தது. இன்னொருவர் கேட்டார். அட்சய பாத்திரம் கிடைத்தால் யார் கவிழ்த்து வைப்பார்கள்? எத்தனை பேருக்கு விற்றேன் என்று என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் மலருக்கு ஆனேக்கல்லில் வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா சுந்தரம், அந்த ஊர்த் தமிழ் மன்றத்தின் செயலாளர். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

"என்ன சம்பந்தி, நீங்க எழுத்தாளர்னு ஒரு வார்த்தை சொல்லலையே! எங்க பசங்க எல்லாம் உங்க புக்கை ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்கிட்டுதான் கன்னடம் பேசறானுங்க. அடியில பூரா உங்க பேரு!"

அட்டையில் இருந்த கன்னட எழுத்து அவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஏதோ அச்சகத்தின் பெயர் என்று விட்டுவிட்டார்கள்.

"இல்லீங்க, அது வந்து..." என்று இழுத்தேன்.

"பாத்தீங்களா, தன்னடக்கம்! பொங்கல் விழாவுல உங்களுக்குப் பொன்னாடை. மறுக்கக் கூடாது."

மறுக்கவில்லை. எழுதவில்லை என்றால், விற்றேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். அந்தப் பயத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அழைப்பிதழ் வந்தது. சிறப்பு விருந்தினர்: சாரதம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 'சிறை' என்ற சொல்லைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. கூரியர்காரர் கதவைத் தட்டினாலும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். விழாவுக்குள் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஐஸ் தண்ணீராகக் குடித்தேன். தும்மல்கூட வரவில்லை. "மேடைக் கூச்சம், பாவம்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலி சாரதம்மாவுக்கு. யாரோ அவர் கையில் ஒரு ஜெராக்ஸ் பிரதியைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கண்கள் பக்கத்தின் அடியிலேயே நின்றன. மெதுவாகத் திரும்பி, "நீவேனா வைத்தியலிங்கம்?" என்றார்.

"ஹௌது" என்றேன். ஆமாம் என்பதற்கு மேல் என் பத்துப் பக்கக் கன்னடத்தில் இடமில்லை.

சுந்தரம் மைக்கைப் பிடித்தார். "மேடம், அட்டையில கன்னடத்துல என்னமோ போட்டிருக்கு. எங்களுக்குக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

சாரதம்மா மைக்கை வாங்கினார். "நான் எதுக்கு? சாரே ஹேளலி. அவரே சொல்லட்டும்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

முன்வரிசையில் மலர். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி மாப்பிள்ளை.

"அது ஆசிரியர் பேருங்க. சாரதம்மா. புத்தகம் இவங்க எழுதினது. நான் வாங்கினவன். வாங்கின ஒண்ணையே திரும்பத் திரும்ப வித்தவன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப எங்க துட்டு?"

பொன்னாடையை விரித்தபடி நின்ற சுந்தரம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, அதைச் சாரதம்மாவுக்குப் போர்த்தினார். இறங்கும்போது என் காதோரம் குனிந்தார். "பொண்ணைத்தான் கேட்டோம், புஸ்தகத்தைக் கேக்கல. கல்யாணம் நடக்கும் சம்பந்தி. ஆனா மொய் எழுதற எடத்துல நீங்க உக்கார வேணாம்."

வாசலில் சாரதம்மாவின் பின்னால் ஓடினேன். "மன்னிச்சுடுங்க மேடம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இருக்கட்டும் சார். ரெண்டாம் பாகமும் எழுதி முடிச்சாச்சு. ஆஸ்பத்திரி, பேங்க், போலீஸ் ஸ்டேஷன்ல எப்படிப் பேசறதுன்னு. இனி அது வேணாம். யாராவது ஒருத்தர் வாங்கினா ஊருக்கே போதுமே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன். அந்தப் பாகம் வரவே இல்லை.

முதல் பாகத்தைப் பரிகாரமாக முழுதும் படித்தேன். அதனால் என் கன்னடம் காய்கறிச் சந்தையில் தொடங்கி வாடகை வீட்டோடு முடிந்துவிடும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் முகம் மாறி, "பிபி தும்பா ஜாஸ்தி இதே, சார்" என்றாள். ரொம்ப அதிகம் என்பது புரிந்தது. பதற்றத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "ஸ்வல்ப கம்மி மாடி, அம்மா." (கொஞ்சம் குறைச்சுக் குடும்மா.)

மலர் இதைச் சொல்லாத தீபாவளி இல்லை. பேரப்பிள்ளைகள் நர்ஸாகவும் தாத்தாவாகவும் நடித்தே காட்டுவார்கள். நானும் சிரிப்பேன். அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது ஆனேக்கல்லில் சாரதம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில், அடியில் யார் பெயரும் இல்லாமல் கிடக்கிறது.