முட்டை நாற்றத்தை நான் ஒழித்த கதை

இனி மெக்கானிக் ஷெட் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மானப் பிரச்சினை. பிரேக் பார்க்கப் போன இடத்தில் பக்கத்தில் நின்று நாலு நல்ல யோசனை சொன்னேன். ஐந்தாவதைச் சொல்ல மெக்கானிக் விடவில்லை. "சார், ஒரு உதவி. அந்தச் செவுத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றார். நானும் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது, சுவர் தானாகவே நிற்கும் என்று.

மூன்றாவது வாரம் எங்கள் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

எரிந்த நேரம் சரியில்லை. என் மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் அங்கேதான் என்று பிரசவமும் அவள் ஊரிலேயே; மலை ஏறி இறங்கினால் நாலு மணி நேரம். எப்போது வேண்டுமானாலும் போன் வரலாம். அதற்காக என் மனைவி பதினெட்டு வேலைகளைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். பதினேழுக்கு எதிரே 'நான்'. பதினெட்டாவது: 'வண்டி - அவர்'. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த வரியை வாசித்துக்கொள்வேன். தாத்தாவாகப் போகிறவனுக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

விளக்கோடு ஒரு நாற்றமும் வந்தது.

"என்னங்க, வண்டிக்குள்ள அழுகின முட்டை வாசனை வருது."

"டிபன் டப்பாவை எங்கேயாவது மறந்து வச்சிருப்பே."

பாவம், சீட்டுக்கு அடியெல்லாம் தேடினாள். மிதியடிகளைத் துவைத்துக் காயப் போட்டாள். நாற்றம் போகவில்லை. இழுவையும் குறைந்தது. மேம்பாலம் ஏறும்போது ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா?" என்று கேட்டார்.

அன்றே ஒரு கருவி வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் நோயை எண்ணாகச் சொல்லும். சொன்னது. மூன்று வீடியோ பார்த்துப் பொருள் கண்டுபிடித்தேன்.

"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு" என்று அறிவித்தேன்.

"அப்படின்னா?"

"புகை போற குழாயில நடுவுல ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும். என்ஜின் விடற விஷத்தை எல்லாம் வாங்கிக்கிட்டு, சத்தமே போடாம, வெளியே நல்லதா மாத்தி அனுப்பும்."

"அட, என்னைப் பத்திச் சொல்றீங்களா?"

"வண்டியைப் பத்திச் சொல்றேன்."

"இருபத்தெட்டு வருஷமா கன்வெர்ட்டரா இருக்கேன். ஒண்ணும் கன்வெர்ட் ஆகக் காணோம்" என்றவள், கருவியை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தாள். "கீழே இன்னொரு நம்பர் இருக்கே?"

"அதெல்லாம் சில்லறை."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எது பிழை, எது சில்லறை என்று எனக்குத் தெரியாதா?

அவள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் புத்தி விடவில்லை. "டப்பா கெட்டுப்போச்சு, சரி. ஏன் கெட்டுச்சு? கண்ணு செவந்து வந்தா நாங்க கண்ணையா மாத்தறோம்? எதனால செவந்துச்சுன்னு பாப்போம். நிக்கும்போது வண்டி திக்கித் திக்கி நடுங்குதே, அதைப் பாருங்க. மெக்கானிக்கிட்டே ஒரு வார்த்தை..."

"அந்தப் பேச்சே வேண்டாம்."

"சரி, பேசலை" என்றாள். என் வீட்டில் நான் கவனித்திருக்க வேண்டிய சொல் அது. அவள் பேசுகிற வரைக்கும் பயமில்லை.

முதல் சிகிச்சை, மருந்து. டப்பாவைச் சுத்தம் செய்யுமாம்; ஒரு பாட்டிலைப் பெட்ரோல் டாங்கில் ஊற்றி நாற்பது கிலோமீட்டர் விரட்டினேன். திரும்பி வந்தபோது மஞ்சள் விளக்கு முன்னைவிடக் குஷியாக எரிந்தது.

இரண்டாவது சிகிச்சை, அறுவை. சனிக்கிழமை காலை வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் படுத்தேன். டப்பா கண்ணுக்கு நேரே தெரிந்தது. நாலு போல்ட்டும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஐக்கியமாகிக் கிடந்தன. முதல் போல்ட்டைத் திருகினேன். திரும்பவில்லை. காலை உதைத்துக்கொண்டு திருகினேன். போல்ட் அசையவில்லை, நான் அரை வட்டம் சுற்றினேன். மூன்றாவது முறை ஏதோ பெயர்ந்தது. வெற்றி என்று வாயைத் திறந்தபோது ஒரு கைப்பிடித் துரு கண்ணில் கொட்டியது.

"அம்மா!"

"யாரைக் கூப்பிடறீங்க? உங்கம்மாவையா, என்னையா?"

"வர்றவங்க வாங்க!"

அவள்தான் வந்தாள். என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தாள். கிணற்றடிப் பாத்திரம் மாதிரி என் முகத்தைக் கழுவினாள். இமையை மடக்கி, பஞ்சால் ஒற்றி, ஊதி, துரு முழுவதையும் எடுத்தாள். கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. முகத்துக்கு அத்தனை பக்கத்தில் அவளைப் பார்த்து நாளாகியிருந்தது. கண் எரிச்சலோடும் எனக்கு அது பிடித்திருந்தது.

"போன் வந்தா எப்படிடி போறது?" என்றேன். "எனக்கிருக்கிறது ஒரே வேலை. அதையும் கெடுத்துட்டேன்."

அவள் என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"படுங்க. சொட்டு மருந்து விடறேன். மூணு மணி நேரம் கண்ணைத் திறக்கவே கூடாது. திறந்தா நான் பொறுப்பில்லை."

கண் விஷயத்தில் அவளை எதிர்த்துப் பேச முடியுமா? கண்ணுக்கு மேல் ஒரு துணியையும் கட்டினாள். ஃபேனைப் போட்டாள். கண்ணை மூடியவன் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மாலை கண்ணைத் திறந்ததும் வண்டியிடம் ஓடினேன். ஜாக்கியை அவளே இறக்கி வைத்திருந்தாள். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை. என்ஜின் தாலாட்டு மாதிரி ஓடியது. குனிந்து புகையை முகர்ந்தேன். முட்டை இல்லை.

"பாத்தியா? அந்த பாட்டில் மருந்து! உள்ளே இறங்கி வேலை செய்ய நேரம் எடுக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்!"

"நம்பவே முடியலை" என்றாள் அவள். குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. பத்து நிமிடத்தில் கிளம்பினோம். மலைப்பாதையில் ஒரு லாரியையும் இரண்டு வேன்களையும் தாண்டினேன்.

"இழுவையைப் பாத்தியா?"

"பாத்தேன். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்து நீட்டியபோது என் மனைவி கையை நீட்டவில்லை. என்னை முன்னால் தள்ளினாள்.

"மொதல்ல நீங்க வாங்கிக்கங்க. நீங்கதானே கொண்டுவந்து சேத்தீங்க."

வாங்கினேன். ஒரு உள்ளங்கை முகம். கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டது. மறுபடி கண் எரிந்தது. இந்தத் தடவை துரு இல்லை.

பெண்கள் உள்ளே போனதும் வராந்தாவில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். அவர் கம்ப்யூட்டர் படித்தவர். இருந்தாலும் அவர் கற்றுக்கொள்ளட்டும் என்று கன்வெர்ட்டர் கதையைச் சொன்னேன். விளக்கு, நாற்றம், பாட்டில், போல்ட், துரு என்று ஒன்று விடவில்லை. அவர் அசையாமல் கேட்டார். "அடேயப்பா!" என்றார். "தனியாவா மாமா?" என்றார். அப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்? உற்சாகத்தில் போல்ட்டை நாலிலிருந்து எட்டாக்கினேன்.

முடித்ததும் அவர் மெய்மறந்து தலையை ஆட்டினார்.

"பெரிய வேலை மாமா. அதுலயும் கோளாறு டப்பாவில இல்லை, மூணாவது சிலிண்டருக்குத் தீப்பொறி குடுக்கிற காயில்லதான்னு கண்டுபிடிச்சு மாத்தினீங்க பாருங்க..."

"எந்தக் காயில்?"

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"மாமா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. சனிக்கிழமை மெக்கானிக் ஷெட்டிலேருந்து போன் பண்ணினாங்க. 'அவர் கதை சொல்லும்போது வாயைப் பிளந்து கேளுங்க மாப்ளை, காயில் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."