ஆதாமில் தொடங்கிய கல்லறைக் கல்

தாம்பரத்தில் இருக்கும் என் கொழுந்தனார், எருசலேம் போய்வந்து 'ஜெருசலேம் பில்கிரிம்' என்று பட்டம் போட்டுக்கொண்ட சற்குணம் ஜே.பி. அவர்களுக்கு,

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மதினி தவமணி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் கர்த்தர் நல்ல சுகத்தைத் தரட்டும். இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை. உங்கள் அண்ணன் போனதிலிருந்து ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் பழகவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது. நான் நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் யாத்திரை போனவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வருஷ நினைவு ஜெபத்துக்கு முன்னால் அண்ணன் கல்லறையில் நட்டுவிடுங்கள் என்று நீங்கள் அனுப்பிய கல் வந்து சேர்ந்தது. கல்லா அது, வண்டியிலிருந்து இறக்க நாலு ஆம்பிளைகள் முக்கினார்கள், இறக்கும்போது என் முருங்கை மரத்தில் பாதி போய்விட்டது. அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் வந்து மேலிருந்து கீழாக எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆதாம். நோவா. சேம். ஆபிரகாம். ஈசாக்கு. யாக்கோபு. பென்யமீன். "ஏ மதினி, இதுல எங்க அண்ணன் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். "கீழ பாருட்டி" என்றேன். கீழே அடியோரமாய், எறும்பு ஊர்கிற அளவில், வேதமுத்து என்று இருந்தது. ஆனால் தலைப்பில், ஆதாமுக்கும் மேலே, 'அன்பளிப்பு: சற்குணம் ஜே.பி.' என்று உள்ளங்கை அகல எழுத்து. ஆதாமுக்கு முந்தியே பிறந்துவிட்டீர்களா கொழுந்தனாரே? கல் நடுகிற ஆள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அடியில ஒரு முழம் மண்ணுக்குள்ள போகணும்மா. அண்ணாச்சி பேரும் அதுக்கு மேல உள்ள தாத்தா பேரும் உள்ள போயிரும்." அதாவது நான் பூ வைத்துக் கும்பிட்டு அழ வேண்டியது பென்யமீனுக்கு.

அதுவும் போகட்டும். பென்யமீனுக்கு அடுத்து நேரே உங்கள் தாத்தா பேர் வருகிறதே, நடுவில் இத்தனை காலமும் ஒருத்தருக்கும் பிள்ளை பிறக்கவில்லையா? தாத்தாவுக்கு அப்பா பேர் பிச்சைக்கண்ணு என்று உங்கள் அண்ணன் எனக்குச் சொல்லியிருக்கிறார். சுடலைமாடனுக்குக் கிடா வெட்டினவர். மூத்த மகன் ஞானஸ்நானம் எடுத்தார், இளைய மகன் எடுக்கவில்லை. அந்த இளையவர் பேத்திதான் இந்த ஆறுமுகத்தாய். நீங்கள் ஊருக்கு வந்தால் புறஜாதி வீடு என்று அவள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். உங்கள் மூக்கை அச்செடுத்தது மாதிரி அவள் முகத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் தண்ணீர் நீட்டுகிறாள். யோர்தான் நதித் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துச் சென்னை வரை சுமந்தீர்களே, தாமிரபரணித் தண்ணீர் அவள் செம்பில் இருந்தால் மட்டும் இறங்காதோ?

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நாசர் அண்ணன் யார் என்று உங்களுக்குத் தெரியாதா? மில்லில் உங்கள் அண்ணனோடு ஒரே ஷிப்டு. மில் வேலை போன பிறகு ஆட்டோ ஓட்டுகிறார். உங்கள் அண்ணனுக்கு நுரையீரலில் மில் பஞ்சு ஏறி மூச்சு முட்டின மாதங்களெல்லாம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த ஆட்டோதான். நீங்கள் போனில் ஜெபம் பண்ணினீர்கள், நாசர் அண்ணன் எச்சில் சட்டி எடுத்தார். அடக்கத்தன்று எல்லாரும் குழியில் மண் போடுகிறபோது அவரும் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். நீங்கள் குறுக்கே போய் நின்றுகொண்டீர்கள். "நில்லும் வே. நீரு இஸ்மவேல் வம்சம், இது ஈசாக்கு வம்சத்துக் குழி." பெட்டியில் படுத்திருந்தவருக்குக் காது கேட்டிருந்தால் எழுந்து உங்களை அடித்திருப்பார். நாசர் அண்ணன் சண்டை போடவில்லை. "சரி வே, உம்ம அண்ணன். நீரு பாரும்" என்று மதில் ஓரமாய் ஒதுங்கினார். அள்ளின மண்ணைக் கீழே போட மனசில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். "அந்தச் சட்டையைத் துவைக்கவே விடமாட்டேங்காருக்கா" என்று அவர் பெண்சாதி இன்றைக்கும் சொல்கிறாள்.

எருசலேமில் உங்களுக்கு எல்லாம் காட்டினார்களாம். ஆபிரகாம் செத்தபோது குழியில் வைத்தது யார் என்று காட்டவில்லையா? ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்துதான் வைத்தார்கள். ஞாயிற்றுப் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தது, பாவாடை கட்டின வயசில். அப்பனைப் புதைக்க அவர்களே சேர்ந்து நின்றார்கள், குறுக்கே மறிக்கத் தாம்பரத்திலிருந்து ஒரு ஜே.பி. வந்திருந்தாரோ? இஸ்மவேல் வேலைக்காரி பிள்ளை என்பீர்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள்தான், அவனைப் பெற்ற ஆகார் பக்கம்தான் எனக்கு இடம். தாயையும் பிள்ளையையும் துரத்திவிட்ட வனாந்தரத்தில் அந்தப் பையன் அழுத சத்தத்தைக் கேட்டவர் வேறு கர்த்தரா? கடற்கரை மணல் மாதிரி சந்ததி தருவேன், பூமியிலுள்ள சகல ஜனமும் உன்னால் ஆசீர்வாதம் பெறும் என்று ஆபிரகாமுக்கு வாக்கு. உவரிக் கடற்கரைக்குப் போய் ஒரு கை மணல் அள்ளி, இது ஈசாக்கு மணல், இது இஸ்மவேல் மணல், இது ஆறுமுகத்தாய் மணல் என்று பிரித்துக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆகையால் நான் முடிவு பண்ணியது: உங்கள் கல் ஏறாது. வேதமுத்து என்று பேர் மட்டும் போட்டு ஒரு சின்னக் கல்லுக்குச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் நாசர் அண்ணன் தன் கையால் மண் போடுவார், பாஸ்டர் ஐயாவிடம் கேட்டாயிற்று. மறிக்க நீங்கள் வர வேண்டாம். உங்கள் கல்லைத் துணி துவைக்கிற கல்லாய்ப் போடலாம் என்றாள் ஆறுமுகத்தாய். ஆபிரகாம் மேல் ஈரச் சேலையை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சமிருக்கும் முருங்கை மரம் பத்திரம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டுக்காரி தங்கச்சியிடம் முட்டிவலிக்கு நொச்சி போடச் சொல்லவும். கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதித்து, கொஞ்சம் புத்தியும் கூடத் தருவாராக.

இப்படிக்கு,
பிச்சைக்கண்ணு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட
தவமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரம் நாசர் அண்ணன் வந்தார். உங்களை வர வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். "அதெப்படிம்மா? சற்குணமும் அன்னைக்கு மண்ணு போடலியே" என்றார். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அவரை மறித்து ரெண்டு கையையும் விரித்து நின்றீர்கள், அதற்குள் குழி வெட்டினவர்கள் மூடிவிட்டார்கள். கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒரு கை மண் நீங்களும் போடவில்லை. ஒரு வருஷமாய் எனக்கு இது தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது போல, அதுதான் இவ்வளவு பெரிய கல்லாய் வந்து இறங்கியிருக்கிறது. மேலே எழுதியதை மறந்துவிட்டு வெள்ளிக்கிழமை ரயில் ஏறுங்கள். அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு நாசர் அண்ணன் ஆட்டோ கொண்டுவருவார், அவரே சொன்னார். வழியில் பேச்சு வரவில்லையென்றால், கடைசி வரை பீடியை விடாத உங்கள் அண்ணனைத் திட்ட ஆரம்பியுங்கள். அதில் உங்கள் ரெண்டு பேருக்கும் எப்போதும் ஒத்துப்போகும்.