சிங்கம் நகர்த்திய முதல் காய்

ஒரு காட்டில் ஒரு செஸ் சங்கம் இருந்தது. தலைவர், செயலாளர், மைக் பிடிப்பவர் எல்லாம் நரியே. இறுதிப் போட்டியில் ஜெயிப்பவரைச் சிங்கம் ஆயுசுக்கும் தின்னக்கூடாது என்பதுதான் பரிசு. அதனால் காட்டில் புல் மேய்கிற அத்தனை பேரும் செஸ் பழகினார்கள்.

கடைசியில் முயலும் மானும் மிஞ்சின. முயலுக்கு வெள்ளைக் காய். எதை முதலில் நகர்த்துவது, எதிரி எதை நகர்த்தினால் என்ன செய்வது என்று மழைக்காலம் முழுக்கப் பொந்துக்குள் உட்கார்ந்து ஓப்பனிங்கை மனப்பாடம் செய்திருந்தது, பாவம்.

முதல் காயைச் சிறப்பு விருந்தினர் நகர்த்துவது சங்கத்து வழக்கம். சிங்கம் தாமதமாக வந்து மாலையை வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தது. சிப்பாயைத் தொடுவது அதற்குக் கௌரவக் குறைச்சல். வெள்ளை ராஜாவைத் தூக்கி, சிப்பாய்களைத் தாண்டி, பலகையின் நடுவில் வைத்தது. காக்கை போட்டோ எடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“அண்ணே, ராஜா ஒரு கட்டம்தானே போகும்?” என்று முயல் நரியின் காதில் கேட்டது.

“அதை நீயே அவர்கிட்ட சொல்லிடும்மா,” என்றது நரி.

முயல் பலகைக்கே திரும்பியது. படித்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று அதற்கு அழுகை வந்தது.

மானுக்கோ கொண்டாட்டம். குதிரையை நகர்த்தி, “செக்” என்றது.

சிங்கம் திரும்பியது. “செக்னா என்னய்யா?”

“ராஜா மேல கை வைக்கப்போறேன்னு எச்சரிக்கிறதுங்க,” என்றது நரி.

“யாரு அது?”

மான் குதிரையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, ஓரத்துச் சிப்பாய் ஒன்றைத் தள்ளியது. அதன்பிறகு ராஜா போன பக்கமெல்லாம் கறுப்புக் காய்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஒதுங்க இடமில்லாதவை வெட்டுப்பட்டன. முயலுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு யானைகளை வெட்டியதும் சரியாகிவிட்டது. இதுவும் ஒரு வகை ஓப்பனிங்தான் என்று பக்கத்திலிருந்த ஆமைக்கு விளக்கக்கூட ஆரம்பித்தது.

“நீயாவது பிழைச்சுக்கோடி,” என்று மான் கண் கலங்கிக் கை கொடுத்தது.

முயல் மேடைக்கு ஓடியது. “நான் ஜெயிச்சுட்டேன், மகாராஜா.”

“நீயா?” சிங்கத்துக்கு உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது. “ராஜாவை நடுவுல கொண்டுவந்து வச்சது யாரு?”

“தாங்கள்தான்,” என்றது நரி, மைக்கிலேயே.

பரிசைச் சிங்கமே வாங்கிக்கொண்டது. தன்னைத் தானே ஒருநாளும் தின்னமாட்டேன் என்று மேடையில் சத்தியமும் செய்தது. மறுபடி கைதட்டல். பிறகு முயலுக்கு இரண்டாம் இடம், மானுக்கு மூன்றாம் இடம் என்று அறிவித்து, அதே வரிசையில் சாப்பிட்டது.

நீதி: எந்தப் போட்டியானாலும், தொடக்க விழாவைச் சிறப்பு விருந்தினரின் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளவும்.