நீலக் கறை

இறக்கைக்கு அடியில் நீலமாக ஒரு கறை. நேற்று இல்லாத கறை. ஆர்லோ தலையைச் சொறிந்தார்.

பிளேன் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். எங்கே கசிந்தாலும் கறை காட்டிக் கொடுத்துவிடும். கொடுக்கட்டும், அதற்காக இன்றைக்கா? மத்தியானம் ஐயோவாவிலிருந்து பிளேனை வாங்க ஆள் வருகிறார்.

"பெட்ரோல் வாடை வருதா பாரு, வெர்னா. ஜலதோஷத்துல எனக்கு மூக்கே வேலை செய்யல."

சர்ச் விற்பனைக்கான கேக்கை விமானக் கொட்டகைக்கே கொண்டுவந்து கிரீம் பூசிக்கொண்டிருந்த மனைவி, நாற்காலியை விட்டு எழாமலே மூக்கை உறிஞ்சினாள்.

"குப்புனு அடிக்குது. கஸ் வந்து பாக்கட்டும், இன்னொரு நாள் வித்துக்கலாம்."

"இதுக்கெல்லாம் மெக்கானிக் எதுக்கு? நானே பாத்துக்கறேன்."

இறக்கை டாங்கியின் வடிகால் திருகைக் கழற்றினாரோ இல்லையோ, பெட்ரோல் கைவழியே இறங்கிச் சட்டைக்குள் புகுந்து அக்குள் வரை குளிப்பாட்டிவிட்டது.

வெர்னா துண்டை நீட்டினாள். "உன்னை யாரு விக்கச் சொன்னா?"

"உன் முட்டி வலிதான். நீ ஏற முடியாத பிளேன் எனக்கு எதுக்கு?"

"நீ மேல சுத்தறதைக் கீழேருந்து பாக்கறது எனக்குப் பிடிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?"

"என் மனசுக்காகச் சொல்ற."

கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து சீட்டில் மேப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு திட்டியே வழி சொன்னவள். அந்தத் திட்டு இல்லாமல் பறக்க ஆர்லோவுக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

திருகின் ரப்பர் வளையத்தை மாற்றி மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தால், பிளேன் மூக்குக்கு அடியில் இன்னொரு நீலக் கறை.

"அடப்பாவமே, அங்கேயுமா?" என்றாள் வெர்னா. குரலில் கவலை கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

பெட்ரோல் வடிகட்டும் கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். அதுவரை நல்லபிள்ளையாக இருந்த கிண்ணம் சொட்டியது. இறுக்கினார். அதிகமாகச் சொட்டியது. இன்னும் இறுக்கினார். மரை கழன்று ஒழுகவே ஆரம்பித்துவிட்டது. பக்கெட்டை வைத்தார்.

வாங்க வந்தவர் பக்கெட்டைப் பார்த்தார். நனைந்த சட்டையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆர்லோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு பிளேனை ஒழுங்கா விக்கக்கூடத் துப்பில்ல எனக்கு. உன்னைத் தனியா விட்டுட்டுப் பறக்க மனசு வரல, வெர்னா. உன் திட்டு இல்லாம மேல ஒரே வெறிச்னு இருக்கு."

வெர்னாவின் கண் கலங்கிவிட்டது. அவர் ஈரத் தோளில் கை வைத்தாள்.

"இவ்வளவுதானா? பிளேனோட பேசற கை ரேடியோவை என்கிட்ட குடுத்துட்டுப் போ. இங்கேருந்தே திட்டறேன்."

ஆர்லோ சிரித்துவிட்டார். ஜலதோஷத்தோடு அழுகையும் சேர்ந்து வந்த சிரிப்பு.

அடுத்த கொட்டகையிலிருந்து மெக்கானிக் கஸ் வந்தான். கிண்ணத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான். மேசையில் நீலக் கிரீமோடு பளபளத்த கேக்கைப் பார்த்தான். இறக்கைக்கு அடியில் குனிந்து கறையை விரலால் தொட்டு மோந்தான். பிறகு நாக்கில் வைத்துக்கொண்டான்.

"கிண்ணம் ஒழுகறது உங்க கைவரிசை, பெரியவரே. ஆனா இந்தக் கறை வெர்னாம்மா கேக் மாதிரியே தித்திக்குதே."