மூன்று சீப்பும் ஆறு தாளும்

உடம்பெல்லாம் பல், ஆனால் கடிக்காது. சீப்பு மாதிரி இருக்கும், தலை வாராது. சூட்டை மட்டும் தின்னும். அது என்ன?

ஹீட்சிங்க். சின்னக் கணினி சூடேறாமல் இருக்க அதன் மேல் ஒட்டும் அலுமினியத் துண்டு. இது இந்தக் கதையில் வரும் அப்பாவுக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

அவர் மகள் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் பறவைக் குரல் விளையாட்டு செய்திருந்தாள். நாளை பள்ளிக் கண்காட்சி, இரண்டு மணி நேரம். கணினியோ பத்தே நிமிடத்தில் கொதித்துப்போய் நின்றுவிடும்.

"கவலையை விடு கண்ணு, அப்பா இருக்கேன்ல?"

அதுதான் கவலை என்று மனைவி சொல்லவில்லை. தையல் மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதித்தாள்.

"முதல்ல என்கிட்ட இருக்கிற இதே மாதிரிக் கணினியில ஹீட்சிங்க் ஒட்டிக் காட்டுறேன். அப்புறம் உன்னோடது."

மூன்று அலுமினியத் துண்டு, அவற்றை ஒட்ட மூன்று பசை ஸ்டிக்கர். இதய அறுவைசிகிச்சை செய்கிறவர்கூட அவ்வளவு வியர்த்திருக்க மாட்டார். அரை மணியில் முடித்தார். மனைவி தரையைப் பெருக்கினாள். குப்பையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் கிடந்தன. எண்ணினாள். மூன்று.

"சூடு குறையலைன்னா?" என்றாள்.

"ஒரு மாசம் நீ தைக்கிற துணியெல்லாம் நானே இஸ்திரி போடுறேன்!"

"ஒரு மாசந்தானா?"

"ரெண்டு மாசம்!"

"பாப்பா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்மா."

டிவிக்குப் பின்னால் இருந்த ஆணியில் கணினியை மாட்டினார். டொக்.

"என்னங்க சத்தம்?"

"சூடு இறங்குற சத்தம்."

டொக்.

"இன்னும் இறங்குதா?"

டொக்.

கால் மணி கழித்து மகள் திரையைப் பார்த்து வாசித்தாள். "எண்பத்திரண்டு டிகிரி. ஒட்டுறதுக்கு முன்னாடியும் எண்பத்திரண்டுதான்."

மூன்று துண்டுகளும் தரையில் கிடந்தன.

"மட்டமான பசை! கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"ஸ்டிக்கருக்கு ரெண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு தாள் உரிக்கணும். மூணு ஸ்டிக்கருக்கு எத்தனை பாப்பா?"

"ஆறு."

"குப்பையில மூணுதான் இருந்துச்சு."

"பெருக்கும்போதே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா துணியை யாரு இஸ்திரி போடுவா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு. இனி பிசகாது. கண்ணு, உன்னோடதைக் கொண்டா."

மகள் உள்ளே போய் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தாள். கணினியை அம்மாவிடம் கொடுத்தாள். இஸ்திரிப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்தாள்.